‘அந்த நாள்’ படத்தில் வரும் குண்டு நிஜமாகவே சென்னையில் விழுந்ததா?

மோல்மேன் பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் சிவாஜியின் ‘அந்த நாள்’ (1954) படத்தை ஆயாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆயாவுக்கு 92 வயசு, ரங்கூனில் பிறந்தவர். பாட்டே இல்லாத படமாச்சே, தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். ஜப்பான் குண்டு பற்றிய பேச்சு வந்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “விளக்கை அணைடா” என்றார். மீதிப் படத்தை இருட்டில்தான் பார்த்தோம். சென்னையில் குண்டு விழுந்தது நிஜமா, கதைக்குச் சேர்த்ததா? அந்த ரேடியோ இன்ஜினியர் மாதிரி ஜப்பானுக்கு உளவு சொன்னவர்கள் இருந்தார்களா? கொலை செய்தது யார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தம்பி இன்னும் பார்க்கவில்லை.

மொகல் தெரு வாசகர்:
நிஜம்தான் தம்பி. 1943 அக்டோபரில் குண்டு விழுந்தது, சேதம் பெரிதில்லை. ஊர் நடுங்கியது அதற்கு முந்தின வருஷம். 1942 ஏப்ரல் 5 கொழும்பு, மறுநாளே விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். அடுத்தது நாம்தான் என்று சென்னை ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். டைரக்டர் வீணை பாலசந்தர் 1927இல் பிறந்தவர், அப்போது 15 வயசுப் பையன். அந்த வயசில் ஊர் காலியாவதைப் பார்த்தவனுக்கு இப்படி ஒரு கதை தோன்றாமல் இருக்குமா?

தட்டோன் சயாமா:
உளவு விஷயத்துக்கு நான் சொல்கிறேன். 1942 செப்டம்பரில், பினாங்கில் பயிற்சி எடுத்த நம் ஆட்கள் சிலர் ஜப்பான் நீர்மூழ்கியில் வந்து மலபார்க் கரையில் இறங்கினார்கள். பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதரையும் இன்னும் மூவரையும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். சென்னையில் குண்டு விழ இன்னும் ஒரு மாதம் இருந்தது.

படத்து ராஜன் தன் திறமையை மதிக்கவில்லை என்ற கோபத்தில் நாட்டை விற்கிறவன். இவர்கள் விடுதலைக்காக வந்தவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என் மனசு ஒப்பவில்லை. அதே அக்டோபர் 21இல்தான் நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர அரசை அறிவித்தார்; ஜனவரியில் தலைமையகம் ரங்கூனுக்கே வந்தது. என் பெரியப்பா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். அவர் முன்னால் இந்தப் படத்தை ஒரு நாளும் போட்டதில்லை.

மொகல் தெரு வாசகர்:
சயாமா சொல்வது புரிகிறது. பெரியப்பாவை ஒரு சொல் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயிலின் இரண்டு முனைகளும் சேர்ந்ததும் அந்த அக்டோபரில்தான், 17ஆம் தேதி. மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை தமிழனைக் கொண்டுபோய் அந்தத் தண்டவாளத்தில் சாகவிட்டார்கள்! அந்த ரயிலின் பர்மா முனையான தான்பியூசயாட் மோல்மேன் தம்பிக்குப் பக்கத்து ஊர்தானே, போய்ப் பார்த்திருப்பார். அந்த ஜப்பான்காரனுக்குத் தகவல் சொன்னவனைத் துரோகி என்று படம் சொன்னால் எனக்குத் தப்பாகப் படவில்லை.

மோல்மேன் பேரன்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை ஆயாவிடம் கேட்டேன். 1941 டிசம்பர் 23, ரங்கூனில் முதல் குண்டு விழுந்த அன்று ஆயாவுக்கு எட்டு வயசு. சங்கு ஊதியும் ஜனங்கள் ஒளியவில்லையாம், தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்களாம். “கெண்டை மீன் கூட்டம் மாதிரி வெள்ளையா மின்னிச்சு, எங்க அண்ணன் எண்ணிக்கிட்டு இருந்தான்” என்றார். எத்தனை வரை எண்ணினார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.