பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி காடு: வார்டு குழுவில் பேசியது

*செல்வி:* பேரூராட்சி ஒன்றரை ஏக்கர் தர்றதா பேச்சு. ஐப்பசி மழைக்குள்ள கன்னு வெச்சிடலாமா?

*குமார்:* முதல்ல அ பதிவேட்ட பாருங்கக்கா, எந்த நிலம் எந்த வகைன்னு எழுதியிருக்கிற வருவாய்த்துறைப் பதிவேடு அது. நீர்நிலைப் புறம்போக்குன்னு, அதாவது ஏரி, குளம், வாய்க்கால்னு இருந்தா விட்டுடுங்க, கோர்ட்டுல நிக்காது. மத்ததுன்னா பேரூராட்சி தீர்மான நகல் கையில வாங்கிட்டு வேலைய ஆரம்பிங்க.

*ராஜேந்திரன் சார்:* அங்க பூரா சீமைக்கருவேலம். வெட்டி மட்டும் விட்டா தூர்லேர்ந்து கொத்தா தழையும். ஜேசிபி வெச்சு தரைக்குக் கீழ ஒரு அடியாவது தோண்டி தூரோட எடுக்கணும். விதை மண்ணுலயே கிடக்கும், முதல் மழைக்கு முளைக்கும். ரெண்டு இலை விட்டப்பவே கையால பிடுங்கிடலாம்.

*செல்வி:* மியாவாக்கி முறைன்னு சொல்றாங்களே சார்?

*ராஜேந்திரன் சார்:* அது நெருக்கமா நட்டு அடர்காடு வளர்க்கிற ஜப்பான் முறை. சதுர மீட்டருக்கு 3, 4 கன்னு. அதாவது சென்ட்டுக்கு 120லேர்ந்து 160. ஒன்றரை ஏக்கருக்கும் அப்படி வெச்சா உள்ள மனுஷன் நடக்க முடியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் 5 சென்ட் மட்டும் அப்படிப் போடுங்க, தூசிக்குத் தடுப்பாகும்.

*குமார்:* மீதிக்கு 10 அடி இடைவெளி, ஏக்கருக்கு 435 குழி. பாதை, குட்டை போக சுமார் 480 மரம். இடையில புதர்ச்செடி. பாதைய முதல்ல சுண்ணாம்புல கோடு போட்டுட்டு அப்புறம் குழி எடுங்க. கரண்டு லைனுக்கு அடியில புதர் மட்டும்தான்.

*வளர்மதி அக்கா:* குழி 2 அடிக்கு 2 அடிக்கு 2 அடி. மேல்மண்ண தனியா ஒதுக்கி, ரெண்டு கூடை மக்கின தொழு உரம், ஒரு கை வேப்பம்புண்ணாக்கு கலந்து போடுங்க. பச்சைச் சாணி வேணாம், கரையான் வரும். பைய கிழிச்சு எடுத்ததும் வேர் வட்டமா சுத்தியிருக்கான்னு பாருங்க. சுத்தியிருந்தா கத்தியால மூணு இடத்துல கீறி விடணும். இல்லேன்னா நாலு வருஷம் கழிச்சு காத்துக்கு மரமே சாயும்.

*செல்வி:* என்ன மரம்க்கா? சரக்கொன்றை, குல்மொஹர்?

*வளர்மதி அக்கா:* குல்மொஹர் கிளை முறியும், பாதையோரம் ஆகாது. நம்ம கடலோரக் காட்டு மரத்தப் பாருங்க. புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிற புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுல நிக்கிற வகைதான்: வீரை, காசான், காட்டு எலுமிச்சை, உலக்கைப் பாலை. பள்ளத்துல நாவல், நீர்மருது, பூவரசு. மேட்டுல வெப்பாலை, வேம்பு. வீரையும் உலக்கைப் பாலையும் ரொம்ப மெதுவா வளரும், அதப் பாத்து பிடுங்கிடாதீங்க.

*ராஜேந்திரன் சார்:* நடுற அன்னிக்கு போட்டோவுக்கு நூறு பேர் வருவாங்க. மாசியிலேர்ந்து ஆவணி வரைக்கும் தண்ணி ஊத்த யாரு? கன்னுக்கு 15 லிட்டர், 480க்கு 7,200 லிட்டர், வாரம் ரெண்டு தடவ, ரெண்டு கோடை. அந்த டேங்கர் காசு முடிவாகாம குழியே எடுக்காதீங்க.

*குமார்:* ஆட்டுக்கு வேலி? கம்பி வேலி போட்டு, அதையொட்டி கிளுவைப் போத்து (வெட்டின கிளைத்துண்டு) முழத்துக்கு ஒண்ணு ஊனினா கம்பி துருப்பிடிக்கிறதுக்குள்ள உயிர்வேலி நிக்கும். வாசலுக்கு சுழல் கேட்.

*வளர்மதி அக்கா:* 👍 சருக மட்டும் யாரும் கூட்டக் கூடாது. துப்புரவுப் பணியாளர்கள் கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, இல்லேன்னா குவிச்சுக் கொளுத்திடுவாங்க. அந்தச் சருகுதான் மூடாக்கு, மண்ணு ஈரம் காயாம மூடி வைக்கும். ஆனா தண்ட ஒட்டி போடாம நாலு விரக்கட தள்ளிப் போடணும், தண்டு அழுகிடும்.

*செல்வி:* டேங்கர் ரேட்டு கேட்டு நாளைக்குப் போடுறேன்.