அடுத்த மாதம் ராணுவத்தை விட்டு வருகிறேன், முதுகுக் கோளாறு இருக்கிறது. எந்த ஷீல்டு பிளான் (மருத்துவமனைக் காப்புறுதி) எடுக்கலாம்?

ஈசூன்வாசி:
வணக்கம். வயது 44, சிங்கப்பூர் ஆயுதப் படையில் ரெகுலராக (முழுநேர வீரராக) 22 வருஷம். அடுத்த மாதக் கடைசியில் 11பி என்ற ராணுவ அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறேன். இத்தனை நாளும் உடம்புக்கு முடியவில்லை என்றால் கேம்ப்பில் எம்.ஓ., அதாவது ராணுவ டாக்டர், முன்னால் போய் உட்காருவது, கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வருவது, அவ்வளவுதான். மருத்துவச் செலவு என்று வீட்டில் தனியாகக் கணக்கு வைத்ததே இல்லை.

சிக்கல் என்னவென்றால் மூன்று வருஷத்துக்கு முன் முதுகில் தட்டு விலகி, எம்.ஆர்.ஐ. எடுத்து, ஆறு மாதம் பிசியோ போனேன். இன்றைக்கும் குனிந்து ஷூ லேஸ் கட்டினால் இடது கால் வரை சுர்ரென்று இழுக்கும். ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, "அதையெல்லாம் ஃபாரத்தில் எழுதாதீங்க அண்ணே, கேம்ப் ரெக்கார்டை யார் பார்க்கப்போறா" என்று சொல்லிவிட்டு, தனியார் மருத்துவமனை பிளானும், நம் கைச்செலவைக் குறைக்கும் ரைடர் என்ற கூடுதல் பாலிசியும் சேர்த்து நீட்டினார். மனைவிக்கு அவர் பேச்சு பிடிக்கவில்லை, எனக்கும்தான். தற்காப்பு அமைச்சின் குழுக் காப்புறுதி கையில் இருக்கும்போது இது எதற்கு என்றும் ஒரு கேள்வி.

கோப்பிஓ_கோசோங்:
கடைசிக் கேள்விக்கு முதலில். குழுக் காப்புறுதி முக்கியமாக உயிருக்கும் விபத்துக்கும். வார்டு பில் வந்தால் அதை நம்பி நிற்க முடியாது. ஆனால் நீங்கள் ஒன்றுமே இல்லாமல் தெருவில் நிற்கவும் இல்லை. சிங்கப்பூரர், நிரந்தரவாசி எல்லோருக்கும் 2015 நவம்பரிலிருந்து மெடிஷீல்டு லைஃப் என்ற அரசாங்கக் காப்புறுதி இருக்கிறது, பழைய நோயையும் சேர்த்துத்தான், ஆயுசுக்கும். அது அரசாங்க மருத்துவமனையில் மானியம் உள்ள பி2, சி வார்டுக் கணக்குப் போட்டுச் செய்தது. அதற்கு மேல் வசதி கூடிய பி1, ஏ வார்டு, தனியார் மருத்துவமனை என்று போக விரும்புகிறவர்கள் கம்பெனியிடம் வாங்கி ஒட்டிக்கொள்வதுதான் ஷீல்டு பிளான்.

அமோகியோ_அக்கா:
தம்பி, அந்த ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நான் மருத்துவமனை பில்லிங் கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்தவள். பெரிய க்ளெய்ம் வந்தால் கம்பெனி உங்கள் பழைய ரிப்போர்ட்டைக் கேட்கும், கேட்பதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். மறைத்தது தெரிந்தால் முதுகுக்கு மட்டும் இல்லை, பாலிசியே போய்விடும்.

உள்ளபடி எழுதினால் என்ன நடக்கும்? பெரும்பாலும் முதுகை விலக்கிவிட்டு மற்றதற்குக் கொடுப்பார்கள். நிறைய பேர் இந்த இடத்தில்தான் பயந்துவிடுகிறார்கள். கம்பெனி விலக்கினாலும் அடியில் இருக்கும் மெடிஷீல்டு லைஃப் முதுகுக்கும் கட்டும், அதை யாரும் விலக்க முடியாது. முதுகு ஆபரேஷன் என்றால் அரசாங்க மருத்துவமனையில் பி2 எடுத்தால் போதும்.

பணம் எங்கிருந்து போகிறது என்றும் பாருங்கள். மெடிஷீல்டு லைஃப் பங்கு முழுவதையும் மெடிசேவிலிருந்து, அதாவது சம்பளத்தில் பிடித்து வைக்கும் மருத்துவச் சேமிப்பிலிருந்து, கட்டலாம். மேலே ஒட்டும் பங்குக்கு உங்கள் வயதில் வருஷத்துக்கு 600 வெள்ளி வரைதான் மெடிசேவில் எடுக்க முடியும், மிச்சம் கைக்காசு. ரைடர் முழுக்க முழுக்கக் கைக்காசு. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கும் புதிய ரைடர் அடிப்படை டிடக்டிபிளையும் (பில்லில் முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை) கட்டாது, அதனால் முன்பு போல அது ஒரு கவசம் இல்லை. பி1 பிளானில் டிடக்டிபிள் 2,500 வெள்ளி. பில் 6,000 என்று வையுங்கள், அந்த 2,500 போக மிச்சம் 3,500, அதிலும் நாம் கட்டும் 10 விழுக்காடு 350, மொத்தம் 2,850 உங்கள் பங்கு. அதிலும் ஒரு பகுதியை மெடிசேவிலிருந்து எடுக்கலாம். இந்தத் தொகையைத் தாங்க முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டு ரைடரை முடிவு செய்யுங்கள். தனியார் பிளானுக்கு இப்போதைய விலையைப் பார்த்து மயங்காதீர்கள், 65, 70 வயதில் என்ன பிரீமியம் என்று அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய_என்சிக்:
நானும் வாரண்ட் ஆபீசராக இருந்து வந்தவன்தான். புது வேலையில் கம்பெனி இன்சூரன்ஸ் கிடைத்தது, இது போதும் என்று விட்டுவிட்டேன். ஆறு வருஷம் கழித்து ஆட்குறைப்பு, வேலையோடு இன்சூரன்ஸும் போனது. அதற்குள் சர்க்கரையும் பிரஷரும் வந்து உட்கார்ந்துகொண்டன. அப்புறம் ஷீல்டு பிளானுக்கு எழுதிப் போட்டால் முடியாது என்று ஒரே ஒரு பக்கக் கடிதம் வந்தது. உங்களுக்கு இப்போது முதுகு ஒன்றுதான். இன்னொன்று வருவதற்குள் எழுதிப் போடுங்கள். புது வேலை கிடைத்தாலும் இதை விடாதீர்கள். கேம்ப்பை விட்டு வருவதற்கு முன் மெடிக்கல் சென்டரில் உங்கள் ரிப்போர்ட் நகலைக் கேளுங்கள், வெளியே வந்த பிறகு ஒரு தாளுக்கு நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே!

ஈசூன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. நகல் வாங்கினேன், பதினொரு பக்கம், நான் மறந்தே போயிருந்த ஒரு முழங்கால் வீக்கம்கூட அதில் இருக்கிறது! எல்லாவற்றையும் எழுதி பி1 பிளானுக்குப் போட்டேன். நேற்று பதில் வந்தது: முதுகுத் தண்டும் தட்டும் விலக்கு, முழங்காலை ஏற்றுக்கொண்டார்கள். ரைடர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், அதற்குப் பதிலாக 3,000 வெள்ளியை மனைவி தனியாக ஒரு கணக்கில் போட்டுவிட்டாள். பாலிசி கைக்கு வந்து 21 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாமாம், அதற்குள் என்சிக் சொன்ன மாதிரி ஒவ்வொரு வரியையும் படித்துவிடுகிறேன்.

அமோகியோ_அக்கா:
என்சிக் அப்படி எங்கே சொன்னார்? பரவாயில்லை, படியுங்கள் தம்பி.