ஃப்ரீட்மன் இன்ஸ்டிட்யூட் சண்டை நடந்தப்போ சிகாகோ கேம்பஸ்ல இருந்தவங்க வாங்க

ஹைட்பார்க்வாசி:
2008 அக்டோபர். சண்டை என்னன்னா, சந்தையில அரசாங்கம் தலையிடக் கூடாதுன்னு வாதாடுன பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன் பேர்ல சிகாகோ யுனிவர்சிட்டி ஒரு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப் பாத்துச்சு. நூறு பேருக்கு மேல பேராசிரியருங்க எதிர்த்துக் கையெழுத்துப் போட்டு, யுனிவர்சிட்டிப் பேராசிரியருங்க சபையான செனட் கூட்டம் வரைக்கும் போன சமயம். செமினரி (பாதிரியார் படிப்பு) கட்டடத்துக்கு அடியில இருந்த புக் கடையில, பைப்புல தலை இடிக்காம குனிஞ்சே நடக்கணுமே, அந்தச் சந்துல நானும் ரூம்மேட்டும் நிக்குறோம், அவன் எகனாமிக்ஸ், குண்டூர்க்காரன். எங்க ஆந்த்ரபாலஜி புரொபசர் ஒருத்தர், லேமன் பிரதர்ஸ் பேங்க் கவுந்து ஒரு மாசம்தான் ஆகுது, "இனிமே நாங்க வாதாடவே வேணாம், பேப்பர் படிச்சாப் போதும்"னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. இவன் கையில இருந்த புக்கை தலைகீழா ஷெல்ஃப்ல சொருகிட்டு வெளிய போயிட்டான். "உங்க சார் எங்க டிபார்ட்மென்ட் ஆய்வு ஒண்ணாச்சும் படிச்சிருப்பாரா?"ன்னு கேட்டான் பாருங்க, எனக்கு இன்னும் பதில் தெரியல.

பணவீக்கம்பாண்டி:
குண்டூர்க்காரன் கேட்டது கரெக்ட். ஃப்ரீட்மன் 2006-லயே போய்ச் சேர்ந்துட்டாரு, லேமனுக்கு அவர் எப்படிப் பொறுப்பு? 1975-ல சிலி போயி சர்வாதிகாரி பினோசேவைப் பாத்ததுக்கு அடுத்த வருஷம் அவர் நோபல் வாங்குன விழாவுலயே கத்துனாங்க, அதே ஆளு சீனா போயி பாடம் எடுத்தப்போ ஒருத்தனும் வாயத் தொறக்கல.

மெக்ரிப்பு:
யோவ் பாண்டி, சும்மா பாத்துட்டு வந்தாரா? அரசாங்கச் செலவை ஒரேயடியா வெட்டி ஷாக் வைத்தியம் பண்ணுன்னு பினோசேக்கு லெட்டரே எழுதுனாரு. சரி விடு, என் கதை வேற. 2015-ல ஒரு கருத்தரங்குக்குப் போனேன், அதே செமினரி கட்டடம்தான், இப்ப எகனாமிக்ஸுக்கு. வாசல்ல சாயே ஹால்னு பேரு. யாருன்னு பாத்தா அல்வாரோ சாயே, சிகாகோவுல பி.எச்.டி. பண்ண சிலி கோடீஸ்வரர்! காபி வரிசையில முன்னாடி நின்ன சிலி பொண்ணு, "எங்க ஊர்ல பேங்கும் அவருது, பேப்பரும் அவருது, இங்கயுமா"ன்னு உதட்டைப் பிதுக்குச்சு. ஃப்ரீட்மன் பேரும் போகல, 2011-லயே இன்னொரு சிகாகோ பொருளாதார நிபுணர் கேரி பெக்கர் பேரோட ஒட்டிட்டாங்க.

சீனியர்_சேகர்:
நான் அப்போ பிசினஸ் ஸ்கூல், நோட்டீஸ் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன், அவ்ளோதான். ஆனா இப்ப போற பசங்க கேட்டுக்கோங்க. மனுவுல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி உங்க கைடு எந்தப் பக்கம்னு பாருங்க. விசாவுல இருக்குறவன் போராட்ட போட்டோவுல முன்வரிசையில நிக்காதீங்க. சிலைக்குப் பேருக்குச் சண்டை போடாம காசு கணக்கைக் கேளுங்க, 200 மில்லியன் டாலர் திரட்டப்போறோம்னாங்களே, பத்து லட்சம் டாலருக்கு மேல குடுக்குறவனுக்குத் தனிச் சங்கம்னாங்களே, அவன் ஆராய்ச்சியில தலையிடுவானான்னு கேளுங்க. அப்புறம் பூட்ஸ் இந்தியாவுலேருந்து வாங்கிட்டுப் போகாதீங்க, அந்தக் குளிருக்குத் தாங்காது.

ஹைட்பார்க்வாசி:
அண்ணே, பூட்ஸ் யாரு கேட்டா?