மைலேஜ் வேறு, ரேஞ்ச் வேறு: ‘எட்டம்’ என்ற சொல்லை முன்வைத்து

குழுமத்தாருக்கு வணக்கம்.

பழைய பயண மோட்டார் சைக்கிள்களுக்கான பராமரிப்புக் கையேட்டில் ‘ரேஞ்ச்’ (நிரப்பிய பெட்ரோலில் வண்டி போகக்கூடிய தூரம்) என்பதற்கு ‘வீச்சு’ என்று போட்டுவிடலாம் என்று சென்ற வாரம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நான் ஒருவன்தான் முரண்டு பிடித்தேன். மாற்றுச் சொல் சொல்லிவிட்டு முரண்டு பிடியுங்கள் என்றீர்கள். நியாயம்தான். சொல்கிறேன்.

வீச்சு ஏற்கெனவே சுமை தாங்காமல் நிற்கும் சொல். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் மிகப்பெரிய மதிப்புக்கும் மிகச்சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு வீச்சு. இயற்பியல் புத்தகத்தில் அலைவின் உச்ச விலக்கம் வீச்சு. பீரங்கிக்கும் ராடாருக்கும் அதுவே. வீசுவது என்றால் கையை விட்டுப் போவது. மோட்டார் சைக்கிளை யாரும் வீசுவதில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்து கூடவே போகிறோம்.

இந்தக் குழப்பம் எனக்குச் சாலையில் புரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் வேதாரண்யத்திலிருந்து தஞ்சைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். திருத்துறைப்பூண்டியைத் தாண்டி மன்னார்குடியை நோக்கி வரும்போது புல்லட் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. ரிசர்வுக்கு, அதாவது டேங்கின் அடியில் மிச்சம் வைக்கும் பெட்ரோலுக்கு, திருப்பலாம் என்று குனிந்து பார்த்தால் பெட்ரோல் டேப் ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது. முந்தைய முறை நிரப்பியபோது திருப்பி வைக்க மறந்திருக்கிறேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்த பெரியவர், “தம்பி, இது என்ன மைலேஜ் கொடுக்கும்?” என்று கேட்டார். “நன்றாகத்தான் கொடுக்கும் ஐயா, பெட்ரோல்தான் இல்லை” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது ஒன்று, எனக்கு அப்போது தேவைப்பட்டது வேறொன்று.

மைலேஜ் என்பது லிட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கு. டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டுமுதல் (விளைச்சல்) என்று கேட்பது இதே கணக்குத்தான். நிரப்பிய பெட்ரோல் எதுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது வேறு கேள்வி. அதற்கும் இங்கே சொல் உண்டு. மேட்டூரைத் திறந்த பிறகு நாகை, திருவாரூர்ப் பக்கம் எல்லோரும் கேட்பது அணையில் எத்தனை அடி என்பதை மட்டுமல்ல, “தண்ணீர் கடைமடையை எட்டியதா?” என்பதை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும் தண்ணீர் எதுவரை போகும் என்பது அணையின் கொள்ளளவை மட்டும் பொறுத்ததல்ல. வழியில் எவ்வளவு ஊறியது, எங்கே உடைப்பு, எந்த வாய்க்கால் தூர்வாராமல் கிடக்கிறது என்பதையும் பொறுத்தது. வண்டியும் அப்படியே.

ஆகவே என் பரிந்துரை ‘எட்டம்’. எட்டு என்ற வினையோடு அம் விகுதி. ‘எட்ட நில்’ என்பதில் இருக்கும் அதே வேர். டேப் ரிசர்வுக்குத் திரும்பும்வரை போகும் தூரம் ‘நிறைகல எட்டம்’. ரிசர்வில் போகும் தூரம் ‘சேம எட்டம்’.

சேமம் நான் கண்டுபிடித்ததல்ல. உப்பு வணிகர்களான உமணர், பள்ளமும் மேடும் எப்படி இருக்குமோ என்று வண்டியின் அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் சொல்கிறார். அந்த அச்சுக்குப் பெயர் சேம அச்சு. நெடும்பயண வண்டிக்கு மாற்று உறுப்பு எடுத்துப்போகும் வழக்கமும் அதற்கான சொல்லும் நம்மிடம் அவ்வளவு பழையவை.

சொல் பயன்படுகிறதா என்று பார்க்கக் கையேட்டின் ஒரு பகுதியை எழுதிப் பார்த்தேன். என் கலன் (பெட்ரோல் டேங்க்) 14 லிட்டர், அதில் ரிசர்வ் 2 லிட்டர். லிட்டருக்கு 33 கி.மீ. கொடுத்தால் நிறைகல எட்டம் 396, சேம எட்டம் 66. மேற்கிலிருந்து அடிக்கும் ஆடிக்காற்றை எதிர்த்து ஓட்டிய நாளில் 28தான் கிடைத்தது. எட்டம் 336 ஆகச் சுருங்கிவிட்டது. மேடு பள்ளமில்லாத ஊரில் மலை ஏறுவதற்குச் சமமான வேலையைக் காற்று கொடுத்துவிடுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 80இல் போகிறவர் 60க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய பாதியளவுக்குக் குறைகிறது. இதற்குக் காசு செலவில்லை. பக்கப் பெட்டிகளை வெறுமனே மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள் அவற்றைக் கழற்றி வைப்பதற்கும் செலவில்லை.

டயர் காற்று, செயின் எண்ணெய், பிடித்துக்கொண்டே சுற்றும் பிரேக் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. நம் பகுதிக்கென்று ஒன்று உண்டு: அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லைக் காயவைக்கிறோம், வைக்கோலைப் பரப்புகிறோம். அந்தத் தூசும் சுணையும் ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். காற்று குறைந்தால் பழைய கார்புரேட்டர் வண்டியில் கலவையில் பெட்ரோல் மிகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி படிந்திருக்கும். இளம்பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்த கலவை. மைலேஜ் ஆசையில் கார்புரேட்டர் ஊசியை அளவுக்கு மீறி இறக்கியவர்கள் இங்கே வந்து நிற்பார்கள். காற்றால் குளிரும் எஞ்சின் அந்தச் சூட்டைத் தாங்காது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். (ஆங்கிலத்தில் rich, lean எனப்படும் இந்தக் கலவைகளுக்குப் ‘பணக்காரக் கலவை’, ‘ஏழைக் கலவை’ என்று ஒரு வரைவில் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம்.)

பெட்ரோலும் மாறிவிட்டது. எத்தனாலின் எரியாற்றல் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் மொத்த ஆற்றல் 6, 7 சதவீதம் குறையும். கலன் அதே 14 லிட்டர்தான், எட்டம் குறைகிறது. கலனின் கொள்ளளவையும் எட்டத்தையும் தனித்தனிச் சொற்களால் பேச வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

கும்பகோணம் நண்பரின் மறுமொழி:

ஐயா, கண்டுமுதல் ஒப்புமையை ரசித்தேன். ஆனால் ‘எட்டம்’ என்றால் தொலைவில் இருப்பது என்றுதான் மக்கள் புரிந்துகொள்வார்கள். ‘எட்டத்தில் இருக்கிறது’ என்றால் கைக்கு அகப்படவில்லை என்று பொருள். நீங்களோ போய்ச் சேர்வதற்கு அதைப் பயன்படுத்துகிறீர்கள். ‘எட்டம் 400’ என்பதை என் மகன் எட்டு நூறா, நானூறா என்று கேட்கிறான். ‘செல்தொலைவு’ என்று நேராக வைத்தால் என்ன? இன்னொன்று: எந்தப் பட்டறையிலும் யாரும் ‘சேமம்’ என்று சொல்லப் போவதில்லை.

---

நண்பருக்கு:

கடைசியிலிருந்து வருகிறேன். பட்டறையில் ரிசர்வ் ரிசர்வாகவே இருக்கட்டும். அதை யாரிடமிருந்தும் பிடுங்க நான் வரவில்லை. கையேட்டிலும் டேப்பின் நிலைக்கு ரிசர்வ் என்றே போடுவோம். தூரத்தைக் குறிக்கும்போது மட்டும் சேம எட்டம்.

செல்தொலைவை நானும் முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். ஓடோமீட்டர் காட்டுவதும் சென்ற தொலைவுதான். ‘வண்டியின் செல்தொலைவு 60,000’ என்று ஒருவர் எழுதினால் ஓடி முடித்ததா, இனி ஓடக்கூடியதா? எட்டத்தில் அந்த மயக்கம் இல்லை.

தொலைவில் இருப்பது என்ற பொருள் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எட்டாத பழமும் எட்டிய கையும் ஒரே வினையிலிருந்துதான் வருகின்றன. எண்ணோடு சேர்ந்து வரும்போது குழப்பம் எழாது என்று நினைத்தேன். உங்கள் மகன் என்னைத் தோற்கடித்துவிட்டான். ஆகவே தலைப்புகளிலும் அட்டவணைகளிலும் தனித்து எழுதாமல் எப்போதும் அடைமொழியோடு, ‘நிறைகல எட்டம்: 396 கி.மீ.’ என்றே எழுதலாம். அவனிடம் இதைக் காட்டி என்ன சொல்கிறான் என்று கேட்டு எழுதுங்கள். ஒப்புக்கொண்டால் வரைவின் நான்காம் பக்கத்தை மாற்றிவிடுகிறேன். மறுத்தால் செல்தொலைவுக்கே என் வாக்கு. வீச்சுக்கு மட்டும் கிடையாது.