வாரங்கல் கோட்டைல மதில் இன்னும் மிச்சம் இருக்கா?

கேள்வி:
அடுத்த மாசம் நானும் அப்பாவும் சென்னைல இருந்து ட்ரெயின்ல வாரங்கல் போறோம், கையில ஒரே ஒரு நாள்தான். அப்பாவுக்கு பழைய கோட்டைன்னா உயிரு, ஆனா நெட்ல எங்க தேடினாலும் அந்த நாலு கல் தோரணம் போட்டோதான் வருது. மதில் ஏதாச்சும் நிக்குதா, இல்ல எல்லாம் போயிடுச்சா?

பதில் 1:
நல்லாவே நிக்குதுங்க. தெலுங்கு நாட்ட ஆண்ட காகதீய ராஜாக்களோட தலைநகரம் அது, கணபதிதேவர் காலத்துலயும் அவர் மக ருத்ரமாதேவி காலத்துலயும், அதாவது 13ஆம் நூற்றாண்டுல கட்டினது. உள்ள கல் மதில், அதுக்கு வெளிய அகழி, அப்புறம் மண் மதில், எல்லாமே வட்டமா போகும். கல் மதில்ல மட்டும் 45 கொத்தளம், பெரிய பெரிய கருங்கல்ல சாந்தே வைக்காம அடுக்கியிருக்காங்க. வாசல்ல நுழையும்போது அப்பாவ கவனிக்க சொல்லுங்க, நேரா உள்ள போகவே முடியாது, வளைஞ்சு வளைஞ்சு திரும்பணும். யானைய ஓடவிட்டு கதவ முட்ட முடியாது, வேகம் குறைஞ்சு திரும்புற எடத்துல மேல இருந்து அடிச்சிருவாங்க. இப்ப அதே வாசல்ல ஆட்டோ போகுது, உள்ள ஊரே இருக்கு.

பதில் 2:
மண் மதில விட்டுடாதீங்க. பாக்க புதர் மண்டின மேடு மாதிரி இருக்கும், நிறைய பேர் அது மதில்னே தெரியாம தாண்டி போயிடறாங்க, எனக்கு அதுதான் வருத்தம். 1310ல டெல்லி சுல்தானோட தளபதி மாலிக் கபூர் படையோட வந்து முற்றுகை போட்டப்போ இந்த மண்ணுதான் முதல்ல தடுத்துச்சு. எஃகு ஈட்டி குத்தினாலும் இறங்கல, கவண்ல எறிஞ்ச கல்லு பட்டு துள்ளி விழும்னு டெல்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோவே எழுதியிருக்காரு. எதிராளி வாயால வந்த பாராட்டுங்க அது!

பதில் 3:
தோரணத்தையும் சாதாரணமா நினைக்காதீங்க. அது நடுவுல இருந்த சுயம்பு சிவன் கோவிலோட நாலு வாசல். 1323ல உலூக் கான், பின்னாடி முகமது பின் துக்ளக் ஆனவர், கோட்டைய பிடிச்சாரு, கோவில் போச்சு, தோரணம் நாலும் அப்படியே நிக்குது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்பாவுக்கு முட்டி வலி இருக்கு, மதில் மேல ஏற முடியுமா?

பதில் 1:
உள்பக்கம் முழுக்க கல் படிக்கட்டுதான், கொஞ்சம் உயரமான படி. காலைல வெயிலுக்கு முன்னாடி போயிடுங்க, வாசல்கிட்ட நாலஞ்சு படி ஏறினாலே அகழி தெரியும், அவருக்கு அது போதும்.