முதுமை எய்திய பெரிய நாய்களின் மூட்டுகளுக்கான உணவு: செட்டிநாட்டிலிருந்து சில அனுபவங்கள்

கானாடுகாத்தானிலிருந்து

எங்கள் வீட்டில் வளரும் கிரேட் டேன் நாய் கரியனுக்கு இப்போது எட்டு வயது ஆகிறது. இந்த இனம் பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகளே வாழும் என்பதால், லாப்ரடார் நாய்க்கு நடுவயது என்று கருதப்படும் இந்தப் பருவம் கரியனுக்கு முழு முதுமை. வளவு எனப்படும் உள்முற்றப் பகுதியிலிருந்து முகப்புக்கு வரும் இரண்டு படிகளை ஏறுவதற்கு முன் அவன் நின்று யோசிப்பதையும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பின்னங்கால்கள் விலகி வழுக்குவதையும் கண்ட பிறகுதான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இடுப்பு மூட்டில் தேய்மானம் இருப்பதை எக்ஸ்ரே காட்டியது.

மூட்டுக்கு வலுவூட்டும் மருந்துப்பொடி ஏதேனும் எழுதித் தருவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தோம். அவரோ முதலில் எடையைக் கேட்டார். இத்தனை பெரிய நாயை வீட்டுத் தராசில் நிறுத்த இயலாது. அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றிப் பார்த்தபோது 78 கிலோ இருந்தான். அவனுடைய எலும்புக் கட்டுக்கு 70 கிலோதான் பொருத்தம் என்றும், விலாவைத் தடவினால் அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்றும், மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும் என்றும் அவர் விளக்கினார். உடல் பருத்த நாய்களில் எடை 6 முதல் 8 சதவீதம் குறைந்தாலே நொண்டுதல் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது என்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்ட உண்மை. 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து, அவற்றில் பாதிக்கு 25 சதவீதம் குறைவாக உணவளித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: குறைவாக உண்டவை ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. அது வேறு இனத்தில் செய்யப்பட்டதுதான். ஆனால் சுமை கூடினால் மூட்டு வருந்தும் என்பது டேனுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்று நான் நம்புகிறேன்.

70 கிலோ என்ற இலக்குக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,700 கலோரி என்று கணக்கிட்டுக் கொடுத்தார்கள். ஒரு கிலோ வெந்த சோற்றிலேயே சுமார் 1,300 கலோரி அடங்கியிருக்கிறது என்று அறிந்தபோதுதான், அன்றாடம் தட்டில் விழுந்துகொண்டிருந்தது என்னவென்று எங்களுக்கு விளங்கியது. அதன்மேல் ஆச்சி பாசத்தோடு ஊற்றும் ஒரு பெரிய கரண்டி நெய் குறைந்தது 120 கலோரி. “வாயில்லாச் சீவன், வயிறாரத் திங்கட்டுமே” என்ற அவருடைய வருத்தத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. தட்டில் வெந்த பூசணிக்காயும் பீன்ஸும் சேர்த்து அளவைப் பெரிதாக்கிய பிறகு அவரும் ஏற்றுக்கொண்டார்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வயதான நாய்க்குக் கறி ஆகாது, தயிர்ச்சோறே போதும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சிறுநீரக நோய் இல்லாத முதிய நாய்க்குப் புரதத்தைக் குறைத்தால் தொடைத் தசைகள் கரையும். தேய்ந்த மூட்டைத் தாங்கி நிற்பது அந்தத் தசைதான். ஆகவே எங்கள் மருத்துவர் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நலமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, சோற்றைக் குறைத்து, தோல் நீக்கிய கோழிக்கறியையும் முட்டையையும் கூட்டச் சொன்னார். சுண்ணாம்புச்சத்தும் மற்ற தாதுக்களும் வீட்டுச் சமையலில் சரியாக அமைவது கடினம் என்பதால், உணவில் பெரும்பகுதி முதிய பெரிய நாய்களுக்கென்று தயாரான உலர் தீவனமே. கறியை உப்பும் காரமும் சேர்க்காமல் தனியே வேகவைக்கிறோம். நம் குழம்புகளில் தாராளமாகச் சேரும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. மிஞ்சிய குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்கும் வழக்கம் அடியோடு நிற்க வேண்டும்.

உணவை நாளுக்கு மூன்று வேளையாகப் பிரித்திருக்கிறோம். வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் உயிராபத்து இந்த இனத்துக்கு மிக அதிகம். ஒரே வேளையில் நிறையத் தின்பது அந்த ஆபத்தை உயர்த்துகிறது. கழுத்து வலிக்கு இதமாக இருக்கும் என்று பலர் தட்டை முக்காலியில் வைக்கச் சொன்னார்கள். ஆனால், உயர்த்தி வைத்த தட்டில் உண்ணும் பெரிய நாய்களிடையே வயிறு முறுக்கும் ஆபத்து கூடுதலாக இருந்ததாக 2000இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கூறுவதால், மருத்துவர் சம்மதிக்கும் வரை தரையிலேயே வைப்பது என்று முடிவு செய்தோம். தட்டைச் சுற்றி வழுக்காத தேங்காய் நார் விரிப்பைப் போட்டதில், நின்று உண்ணும்போது கால் விலகுவது நின்றது.

எடை இன்னும் இலக்கை எட்டவில்லை. ஆயினும் அந்த இரண்டு படிகளில் அவன் இப்போது தயங்குவதில்லை.

தேவகோட்டையிலிருந்து

எங்களுடையது மாஸ்டிஃப் பெண் நாய், 60 கிலோ. எடையைப் பற்றி மேலே எழுதியவர் கூறியது முற்றிலும் சரி; நான் மீனைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். மூட்டு அழற்சியைத் தணிப்பதில் ஓரளவு உறுதியான சான்று இருப்பது மீன் எண்ணெயிலுள்ள இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. ஆகிய ஒமேகா-3 கொழுப்புகளுக்குத்தான். இந்த எடைக்கு இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் தேவை என்று கணக்கிட்டார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண 1,000 மில்லிகிராம் குளிகையில் அவை 300 மில்லிகிராம் மட்டுமே இருக்கும். அப்படியானால் ஏழு குளிகைகள் வேண்டும். நாளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் பயனில்லை என்று கைவிடுவோர் பலருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அதற்காக மருத்துவரைக் கேளாமல் ஒரேயடியாகக் கூட்டினால் வயிற்றுப்போக்கு வரும்.

தொண்டிப் பக்கத்திலிருந்து மத்தி வரத்து இருக்கும் நாள்களில் அதை வேகவைத்து, முள் நீக்கி, அன்றைய குளிகையைக் குறைத்துக்கொள்கிறேன். பச்சையாகக் கொடுப்பதில்லை, சிலவகைப் பச்சை மீன்களில் பி-1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது செயலிழக்கிறது. கருவாடு உப்பு மிகுந்தது என்பதால் அறவே கிடையாது. காட் மீனின் ஈரல் எண்ணெயைச் சாதாரண மீன் எண்ணெய் என்று எண்ணி அதிகம் கொடுத்தால் ஏ, டி வைட்டமின்கள் அளவு மீறும் என்பதையும் கவனிக்கவும்.

ஆட்டுக்கால் சூப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நாய் விரும்பிக் குடிக்கிறது. கொழுப்பை எடுத்துவிட்டுச் சிறிது கொடுப்பதில் தீங்கில்லை. ஆனால் அதிலுள்ள பசைப்புரதம் (கொலாஜன்) செரித்து அமினோ அமிலங்களாகத்தான் உடலில் சேரும், நேரே முழங்காலுக்குப் போய்விடாது. மூட்டுக்கென்று விற்கப்படும் குளுக்கோசமின் என்ற துணைச்சத்துக்கும் ஆய்வுச் சான்றுகள் முரண்பட்டே இருக்கின்றன. பிரண்டைத் துவையல் எலும்புக்கு நல்லது என்று நாம் உண்பது வேறு. நாய்க்கு இவ்வளவு என்ற அளவை எவரும் சொல்லாத நிலையில் நான் அதைக் கொடுக்கவில்லை.

காரைக்குடியிலிருந்து

முதுமையைப் பற்றிய இழையில் குட்டியைப் பற்றி எழுதுவதற்குப் பொறுத்தருள்க. எங்கள் டேனுக்கு நான்கு மாதம் ஆகிறது. எலும்பு உறுதியாக வளர வேண்டுமென்று சுண்ணாம்புச்சத்து மருந்தும், வயிறு முட்டப் பாலும் சோறும் கொடுக்கச் சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் கிரேட் டேன் குட்டிகளிலேயே செய்து 1974இல் வெளியான ஆய்வு, மிகையாக ஊட்டப்பட்ட குட்டிகளுக்கே எலும்புக் கோளாறுகள் மிகுந்ததைக் காட்டியது. கூடுதல் சுண்ணாம்புச்சத்தும் இந்த இனத்தின் குட்டிகளில் எலும்பு வளர்ச்சியைக் குலைப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. முழுச் சத்துணவு உண்ணும் குட்டிக்கு அந்த மருந்து தேவையே இல்லை. எனவே, பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனத்தை அளந்து மட்டும் கொடுக்கிறோம். குட்டி மெலிவாக இருக்கிறதே என்று வருவோர் போவோரெல்லாம் கேட்கிறார்கள். விலாவைத் தடவிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று பதில் சொல்கிறேன்.