பழைய இரண்டு குரூப் எஸ்பிரெஸோ மெஷின்: வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய முடியுமா?

பட்டறைக்காபி:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் மூடிவிட்ட ஒரு கஃபேயிலிருந்து இரண்டு குரூப் (காபி இறங்கும் தலைப்பகுதி) உள்ள இத்தாலிய மெஷின் ஒன்றை, பழைய உலோக விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். ஈ61 வகை குரூப், செம்பு பாய்லர், உள்ளே ஹீட் எக்ஸ்சேஞ்சர் (காபித் தண்ணீரைச் சூடாக்க பாய்லருக்குள் ஓடும் தனிக் குழாய்), ரோட்டரி பம்ப். பெயர்ப்பலகையில் 230/400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 3000 வாட் என்று போட்டிருக்கிறது. விற்றவர் "ஓடிக்கிட்டுதாங்க இருந்துச்சு" என்றார், எதுவரைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றினால் இணைப்புகளெல்லாம் பச்சைக் களிம்பு, ஸ்டீம் வால்வின் அடியில் சுண்ணாம்பு கட்டிகட்டியாகத் தொங்குகிறது, பம்ப் மோட்டாரைக் கையால் சுற்றினால் அசைய மாட்டேன் என்கிறது. இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை.

லேத் வேலை தெரியும், வயரிங் ஓரளவுக்கு வரும். மொத்தமாகப் பிரித்துப் போட்டு, பாய்லரைச் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, குரோம் பூச்சை முதலில் புதிதாகக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். வீட்டில் சிங்கிள் பேஸ்தான். பாய்லருக்குள் ஈயம் பூசிவிடலாமே என்று அம்மா வேறு கேட்கிறார். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஆவிவால்வு:

தம்பி, குரோம் பூச்சைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். பளபளப்பாக்கி முடித்த பிறகு பாய்லரில் விரிசல் தெரிந்தால் அந்தப் பணம் வீண். அப்புறம், மொத்தமாகப் பிரிக்கவும் வேண்டாம். செம்புக் குழாய் ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக்காக வளைத்தது, மாறிவிட்டால் எது எங்கே என்று கண்டுபிடிக்கவே பொழுது போய்விடும். ஒவ்வொரு பகுதியாகக் கழற்றுங்கள், கழற்றுவதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், நட்டு போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள்.

கைவைப்பதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். பாய்லரைச் சுற்றி வெள்ளையாக நார் போன்ற உறை இருக்கிறதா? 80களுக்கு முந்தைய மெஷின்களில் அது கல்நாராக, அதாவது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அப்படி இருந்தால் சுரண்டாதீர்கள், பிய்க்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது. அதை எடுக்கத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது பாய்லர். இந்த மெஷின் வேலை செய்வது 1 முதல் 1.2 பார் அழுத்தத்தில், அப்போது உள்ளே தண்ணீர் 120 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாதுகாப்பு வால்வு வழக்கமாக 1.8 பாரில் திறக்கும். பழைய வால்வைச் சுத்தம் செய்து மாட்டும் யோசனையே வேண்டாம், புதிது வாங்குங்கள். பிளம்பர்கள் பைப் லைன் சோதிக்க வைத்திருக்கும் கைப்பம்ப் வாடகைக்குக் கிடைக்கும். பாதுகாப்பு வால்வு, வேக்கம் வால்வு (சூடேறும்போது உள்ளிருக்கும் காற்றை வெளியே விடுவது), பிரஷர் சுவிட்ச் (அழுத்தம் பார்த்து ஹீட்டரை அணைப்பது) மூன்றையும் கழற்றித் துளைகளை அடைத்து, காற்றே இல்லாமல் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, பலகையில் போட்ட அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிவிட்டு முள் இறங்குகிறதா என்று பாருங்கள். தண்ணீர் அமுங்காது, அதனால் எங்காவது விட்டுப்போனாலும் கசிவதோடு நின்றுவிடும். காற்றை அடைத்துச் சோதிக்கிறேன் என்று கம்ப்ரஸரைக் கொண்டுவந்து மாட்டாதீர்கள், அதுதான் வெடிக்கும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஓட்டையாக இருந்தால் வெளியே எதுவும் தெரியாது. மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தானாக ஏறும். பாய்லருக்குத் தண்ணீர் விடும் வால்வு பழுதானாலும் இதேதான் நடக்கும் என்பதால் முதலில் அந்த வால்வை மூடிவிட்டுப் பாருங்கள்.

ஈயம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். காபிக்கான தண்ணீர் பாய்லரில் இருந்து வருவதில்லை, அதற்குள் ஓடும் தனிக் குழாயில் இருந்து வருகிறது. பூசுகிற வெள்ளீயத்தில் கறுப்பீயம் கலந்திருந்தால் அது வேறு தலைவலி. மெஷினின் வெந்நீர்க் குழாயில் வருவதுதான் பாய்லர் தண்ணீர், அதை டீ போடக்கூட எடுக்காதீர்கள்.

மூணுபேஸ்முருகன்:

வயரிங் பற்றி நான் சொல்கிறேன். 230/400 என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஹீட்டரில் மூன்று கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பாருங்கள். 3000 வாட்டை மூன்றாகப் பிரித்தால் ஒன்று 1000 வாட், அதற்கு 53 ஓம் பக்கம் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் மூன்றையும் பக்கவாட்டாக (பேரலலாக) இணைத்துப் பேஸ், நியூட்ரலுக்குக் கொடுங்கள், சிங்கிள் பேஸில் அதே 3000 வாட் கிடைக்கும். எண் ரொம்ப வித்தியாசமாக வந்தால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள், ஊகித்து மாட்டாதீர்கள்.

ஹீட்டர் மட்டும் 13 ஆம்பியர், அதோடு மோட்டார் சேரும். 16 ஆம்பியர் பிளக்கில் மணிக்கணக்கில் ஓட்டினால் பிளக் உருகலாம். கீசர் லைனில் இழுக்காமல் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அதிகமானால் விழும் பிரேக்கர்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழுவது) என்று தனி லைன் போட்டு ஐசோலேட்டர் சுவிட்சில் முடியுங்கள். எர்த் இல்லாத வீடு என்றால் இந்த மெஷினையே மறந்துவிடுங்கள்.

பல நாள் கிடந்த ஹீட்டர் ஈரம் குடித்திருக்கும், ஸ்விட்ச் போட்டதும் ஆர்சிசிபி விழும். உடனே ஹீட்டர் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். மோட்டார் ரீவைண்டிங் கடையில் 500 வோல்ட் மெக்கர் (மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்திருப்பார்கள், கோவையில் அதற்கா பஞ்சம்? 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஹீட்டரைக் கழற்றி மிதமான சூட்டில் ஓவனில் வைத்து உலர்த்தி மறுபடி பாருங்கள், பெரும்பாலும் ஏறிவிடும்.

மோட்டார் இறுகியிருப்பதாகச் சொன்னீர்களே, பம்பும் மோட்டாரும் கிளாம்ப் ஒன்றில்தான் சேர்ந்திருக்கும். இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகச் சுற்றிப் பார்த்தால் எது பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பம்ப்தான் என்று என் ஊகம். அதற்குள் இருக்கும் தகடுகள் கார்பன், தண்ணீர் இல்லாமல் ஓடினால் தேய்ந்து தீர்ந்துவிடும்.

வடிகட்டி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். வீட்டில் எத்தனை பேர் காபி குடிக்கிறீர்கள்? ஈ61 குரூப் ஒன்று 4 கிலோ பித்தளை. அது சூடாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரண்டு குரூப், பத்து லிட்டருக்கு மேல் தண்ணீர், இதையெல்லாம் காலையில் இரண்டு கப்புக்காகச் சூடேற்றுவது கல்யாணப் பாத்திரத்தில் ஒரு ஆளுக்கு ரசம் வைக்கிற கதை. அடுப்பங்கரையில் பித்தளை ஃபில்டர் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

ஆவிவால்வு:

வடிகட்டி, ஃபில்டர் காபியோடு எனக்கும் சண்டை இல்லை. ஆனால் எஸ்பிரெஸோ என்றதும் நம்மூரில் பலர் நினைப்பது கல்யாண மண்டப வாசலில் உஸ்ஸென்று ஆவி விட்டு, இன்ஸ்டன்ட் பொடியும் பாலும் நுரைத்து, மேலே கோகோ தூவித் தருகிற அந்தக் கப்பைத்தான். இது வேறு ஜாதி. 1961ல் ஃபயேமா கம்பெனி இந்த ஈ61ஐக் கொண்டுவந்தபோது, நெம்புகோலைக் கையால் இழுத்து அழுத்தம் கொடுக்கிற வேலையைப் பம்ப் எடுத்துக்கொண்டது, 9 பார் சீராகக் கிடைத்தது. அந்த வருடம் பிப்ரவரியில் இத்தாலியில் தெரிந்த சூரிய கிரகணத்தை (எக்லிப்ஸ்) வைத்துத்தான் ஈ என்று பெயர். அதன் குரூப்பைப் பல கம்பெனிகள் அப்படியே பின்பற்றியதால் ரப்பர், வடிகட்டித் தகடு, வால்வுத் தண்டு எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. வேறு பழைய மெஷின் என்றால் நானே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வேண்டுமானால் ஒரு குரூப்பைக் கழற்றித் துளையை அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டலாம், சூடேறுகிற நேரமும் குறையும்.

பட்டறைக்காபி:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளை நார் எதுவும் இல்லை, பாய்லர் மேல் சாதாரண ஃபோம் உறைதான். முருகன் அண்ணா சொன்னபடி பார்த்தேன், மூன்று கம்பியும் 52, 53 என்று காட்டுகின்றன. மெக்கரில் முதலில் மோசம், உலர்த்திய பிறகு தேறிவிட்டது. இறுகியது பம்ப்தான். அழுத்தச் சோதனையில் பாய்லர் நின்றது. ஒரு குரூப்பை அடைத்துவிடப் போகிறேன், வடிகட்டி சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே. இப்போது சுண்ணாம்பை எடுக்க வேண்டும், சிட்ரிக் அமிலம் எவ்வளவு போடுவது? அப்புறம் எந்தத் தண்ணீர் விடலாம், எங்கள் வீட்டில் ஆர்ஓவும் இருக்கிறது, போரும் இருக்கிறது.

உப்புத்தண்ணி:

லிட்டருக்கு 30 முதல் 50 கிராம், வெந்நீரில். நுரைத்து வருவது கார்பன் டை ஆக்சைடு, எனவே எக்காரணத்தைக் கொண்டும் மூடி வைக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நுரை நின்றால் கரைசலை மாற்றிப் பாருங்கள், மறுபடி நுரைத்தால் இன்னும் படிவு இருக்கிறது என்று அர்த்தம். பித்தளை இளஞ்சிவப்பாக மாறும், பதற வேண்டாம். அலுமினியத்தை மட்டும் அதற்குள் போடாதீர்கள். குரூப்புக்குள் ஜிக்லர் என்று ஊசித்துளை போட்ட சின்னத் திருகு இருக்கும், ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது, அதைக் கழற்றித் தனியாக ஊறவையுங்கள். பாய்லருக்கும் குரூப்புக்கும் நடுவே ஓடும் இரண்டு குழாய்களையும் விட்டுவிடாதீர்கள், வெந்நீர் அதில் சுற்றி வந்தால்தான் குரூப் சூடாகும், அடைத்திருந்தால் காபி புளிக்கும்.

போர் தண்ணீர் விட்டால் இதே சுண்ணாம்பு திரும்பக் கட்டும். வெறும் ஆர்ஓவும் சரிப்படாது. பாய்லரில் தண்ணீர் மட்டத்தை ஒரு கம்பி தொட்டுப் பார்க்கிறது, தண்ணீர் வழியாக மின்சாரம் கடந்தால்தான் அதற்குத் தெரியும். உப்பே இல்லாத தண்ணீர் என்றால் காலி என்று நினைத்து விடாமல் நிரப்பும், கடைசியில் ஸ்டீம் குழாய் வழியே தண்ணீராகக் கொட்டும். சிறுவாணித் தண்ணீர் வருகிற ஏரியா என்றால் கவலையில்லை, சும்மா ஒரு ஃபில்டர் போதும். இல்லையென்றால் ஆர்ஓவோடு கொஞ்சம் போர் தண்ணீர் கலந்து, மீன் தொட்டிக் கடையில் விற்கும் சொட்டு மருந்துச் சோதனையில் கடினத்தன்மை லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மாடித் தொட்டியிலிருந்து இறக்கினால் பம்புக்கு அது போதும், ஆனால் தொட்டி காலியாகிப் பம்ப் வறட்சியாக ஓடிவிடக் கூடாது.

முதல் தடவை சூடேற்றும்போது ஸ்டீம் குழாயைத் திறந்தே வையுங்கள். வேக்கம் வால்வு ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே மாட்டிய காற்றே அழுத்தத்தைக் காட்டும், கேஜ் 1 பார் என்று சொல்லும், பிரஷர் சுவிட்ச் ஹீட்டரை அணைத்துவிடும், தண்ணீரோ கொதித்தே இருக்காது. காற்று போய் ஆவி சீராக வந்த பிறகு மூடுங்கள். 1.2 பாருக்கு மேல் ஏறினால் மெயினை அணைத்துவிட்டு முதலில் பிரஷர் சுவிட்சைப் பாருங்கள்.